பணம் காலடியில் போகட்டும்: கல்லடி நடனக்கூடத்தில் நான்கு ஆண்டுகள்

எங்கள் நடனக் குழு, மட்டக்களப்பு நகருக்குள் இருந்த வாடகை மேல்மாடியை விட்டு, கல்லடியில் சொந்தமாகக் கட்டிய கூடத்துக்கு 2021 தை மாதம் குடிபுகுந்தது. ஆட்டத்துக்கென்றே அளவெடுத்து, ஆட்டத்துக்கென்றே தளம் போட்ட கட்டடம். திறப்பு விழா அன்றே இதை எழுதியிருக்கலாம். ஆனால் புது வெள்ளை அடித்த சுவரைப் பாராட்டுவதில் யாருக்கும் பயனில்லை. உப்புக்காற்றும் கறையானும் மாரிமழையும் மின்வெட்டும், அவற்றோடு எங்கள் பிள்ளைகளின் பாதங்களும் தங்கள் வேலையைக் காட்டிய பிறகுதான் ஒரு கட்டடத்தைப் பற்றிப் பேச முடியும். நான் இங்கே பரதம் கற்பிக்கிறேன், தட்டுக்கழியால் தாளம் தட்டிச் சொற்கட்டுச் சொல்லும் நட்டுவாங்கம் செய்கிறேன். வார இறுதிகளில் எங்கள் ஊர் ஆட்ட நாடகமான கூத்தைப் பழகுவோருக்குச் சல்லரி என்னும் கைத்தாளம் பிடிக்கிறேன். வேறு ஊர்களிலும் நடனக்கூடம் கட்ட ஆசைப்படும் குழுக்கள் இருப்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் தளம். கட்டடத்துக்கான திட்டம் பேசப்பட்ட காலத்தில் எங்கள் குழுவுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. வாசலில் தூண் வைத்த முகப்பு வேண்டும் என்றார்கள் சிலர். வருகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான் என்பது அவர்கள் நியாயம். ஆடுகிறவர்களும் கற்பிக்கிறவர்களும் தளத்தைக் கேட்டோம். நாங்கள் விட்டுக்கொடுக்காமல் நின்றதால் முகப்பு சுருங்கியது, தளம் நிலைத்தது. இன்றுவரை இந்தக் கட்டடத்தில் செலவான பணத்தில் மிகச் சரியாகச் செலவானது அந்தப் பணம்தான் என்று நம்புகிறேன்.

பழைய இடத்தில் கொங்கிறீற் தட்டின் மேல் ரைல்ஸ் பதித்திருந்தது. முழங்காலைப் பக்கவாட்டில் மடித்த அரைமண்டியில் இருந்து வெறுங்காலால் தட்டும் ஆட்டம் எங்களுடையது. தட்டடவு என்னும் காலடிப் பயிற்சி மூன்று வேகத்திலும் போய்த் திரும்பும்போது ஒரு பிள்ளை எத்தனை முறை தளத்தை அடிக்கிறாள் என்று நினைத்துப் பாருங்கள். அடியில் ஒரு பங்கையும் கொங்கிறீற் வாங்கிக்கொள்வதில்லை. அத்தனையும் குதிகால் வழியே முழங்காலுக்கும் இடுப்புக்கும் ஏறுகிறது. வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சை நெருங்கும்போது பயிற்சி நேரம் கூடும். கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடையே முன் எலும்பில் வலிக்கிறது என்று பிள்ளைகள் வந்து உட்காருவதும் அப்போதுதான் கூடும். அரங்கேற்றத்துக்கு ஆயத்தமான பெண்கள் வலியை வீட்டில் மறைத்து, எண்ணெய் தடவிக் கட்டிக்கொண்டு வந்து ஆடினார்கள். ஆடினால் வலிக்கத்தான் செய்யும் என்று பெரியவர்கள் சொன்னதை அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. வலி ஆட்டத்தினுடையது அல்ல, தளத்தினுடையது. இங்கு வந்த பிறகு அதே பாடத்திட்டம், அதே பயிற்சி நேரம்; அந்த முன் எலும்பு வலியைப் பற்றி நான் கேட்பது மிகவும் அரிதாகிவிட்டது.

தளத்தின் அமைப்பு இதுதான். கீழே கொங்கிறீற், அதன்மேல் ஈரம் ஏறாமல் தடித்த பொலித்தீன், அதன்மேல் இடைவெளி விட்டு இறப்பர்த் துண்டுகள், அவற்றின்மேல் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அடுக்கு மரச்சட்டம், எல்லாவற்றுக்கும் மேல் தேக்குப் பலகை. பலகை வளைந்து கொடுப்பது கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும். சுவரோரம் சுற்றிவர அரை அங்குலம் இடைவெளி விடச் சொன்னபோது தச்சு வேலை செய்த எங்கள் ஓடாவியாருக்கு மனமே இல்லை. சரியாகப் பொருந்தாத வேலை என்று பெயர் வரும் என்று அஞ்சினார். முதல் மாரியிலேயே பலகை ஈரம் குடித்து அகன்று அந்த இடைவெளியில் பாதியைத் தின்றுவிட்டது. இடைவெளி இல்லாமல் இறுக்கியிருந்தால் நடுத்தளம் புடைத்து எழும்பியிருக்கும். இரும்பு ஆணி வேண்டாம் என்று பித்தளைத் திருகாணி போட்டதும் சரியான முடிவே. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் நிலத்துண்டு இது. யன்னல் கம்பிகளே இரண்டாம் ஆண்டில் செம்மண் நிறத்துக்கு வந்துவிட்டன.

மூலையில் ஒரு பலகையை மட்டும் கழற்றி மாட்டக்கூடியதாக வைத்திருக்கிறோம். கட்டும்போது அது தேவையற்றது போலத் தோன்றியது. இரண்டாம் ஆண்டு அதைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தபோது கறையான் மண்குழாய் ஒன்று சட்டத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. நேரத்தோடு கண்டதால் மருந்தடித்து நிறுத்த முடிந்தது. மரத்தளம் போடுகிற எவரும் இந்தக் கழற்றும் பலகையைத் தவறாமல் கேட்டு வாங்குங்கள்.

குறையும் தளத்திலிருந்தே வந்தது. பலகைக்குக் கீழே வெற்றிடம் இருந்ததால் பத்துப் பேர் சேர்ந்து தட்டும்போது கூடம் முழுவதும் அதிர்ந்தது. சதங்கை ஒலி மூழ்கியது. தட்டுக்கழியின் சொல்லும் பிள்ளைகளின் காலும் ஒன்றாகச் சேர்ந்ததா என்று எனக்கே பிடிபடவில்லை. மத்தளத்தோடு வந்து நின்ற, கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார், "பிள்ளை, நான் அடிக்கும் முன் இந்தப் பலகை பேசிவிடுகிறது" என்று சொல்லிச் சிரித்தார். ஒரு விடுமுறையில் பலகைகளைக் கழற்றி, சட்டங்களுக்கிடையே தென்னந்தும்பை நெருக்காமல் நிரப்பினோம். அதிர்வு பெரிதும் அடங்கியது, துள்ளல் குறையவில்லை. முதலிலேயே செய்திருக்கக்கூடிய வேலை, செலவும் சொற்பம்.

பலகைக்குப் பளபளப்பான மெருகு பூசவில்லை. வியர்வை சொட்டினால் அது வழுக்கும். ஓர் அன்பர் வினைல் விரிப்பு ஒன்றை வாங்கித் தந்தார். மேலைத்தேய நடனத்துக்கு அது ஏற்றதாக இருக்கலாம். வெறுங்காலால் சுழலும்போது உள்ளங்காலைப் பிடித்து இழுத்துக் கொப்புளம் போட வைக்கிறது. சுருட்டி வைத்திருக்கிறோம். துப்புரவு செய்யும் அக்காவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் மனம் ஆறாது. உலர்ந்த துணியால் மட்டும் துடைக்க அவரைப் பழக்கச் சில மாதங்கள் ஆயின; இப்போது ஈரக்காலோடு வரும் பிள்ளைகளை வாசலில் மறிப்பவரே அவர்தான்.

அடுத்தது வெளிச்சமும் வாசலும். நடன அரங்கை அளவோடு கட்டுவது நமக்குப் புதியதல்ல. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, இருபத்துநான்கு விரல் கொண்ட கோலால் அளந்து ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று மாதவியின் அரங்கைச் சொல்கிறது. அந்தக் காதையின் இசைச் செய்திகளை ஆராய்ந்து 1947இல் யாழ்நூலைத் தந்த விபுலாநந்த அடிகள் காரைதீவில் பிறந்தவர். அவரது சமாதி எங்கள் கூடம் இருக்கும் இதே கல்லடியில், சிவானந்தா வித்தியாலய வளவில் இருக்கிறது. தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கை நிறுத்த வேண்டும் என்றும் இளங்கோவடிகள் சொல்கிறார். எங்கள் கட்டடக் கலைஞரிடம் நான் வற்புறுத்தியதும் அதுதான். நடுவில் தூண் இல்லாமல், வடக்குப் பக்கம் உயரத்தில் கண்ணாடிப் பட்டி வைத்து வெளிச்சம் எடுத்தார். 2022 பங்குனியில் நாடு முழுவதும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நின்றபோது, மாலை ஐந்தரை வரை விளக்கில்லாமல் வகுப்பு நடத்தினோம். பழைய மேல்மாடியாக இருந்திருந்தால் பூட்டியிருப்போம்.

அதே காதை அரங்குக்கு வாயில் இரண்டு என்கிறது. எங்கள் வரைபடத்தில் ஒப்பனை அறையிலிருந்து ஆடுமிடத்துக்கு ஒரே கதவு. ஒரு பாத்திரம் உள்ளே போய் மறுபக்கத்தால் வர வேண்டுமென்றால் வெளியே இறங்கிக் கட்டடத்தைச் சுற்றி ஓட வேண்டியிருந்தது. மழை நாளில் பட்டு உடுப்போடு குடை பிடித்து ஓடினார்கள் பிள்ளைகள். மூன்றாம் ஆண்டில் சுவரை உடைத்து இன்னொரு கதவு வைத்தோம். உடைப்பதற்கான செலவு கட்டும்போது ஆகியிருக்கக்கூடியதைவிடப் பல மடங்கு.

காற்றைப் பற்றி நல்லதே சொல்வேன். கிழக்குச் சுவரில் தாழ்வாக நீண்ட யன்னல்கள், மேற்குச் சுவரில் கூரையோரம் சிறு திறப்புகள் மட்டும். பிற்பகலில் கடற்காற்று தரையோடு வந்து, சூடான காற்றை மேலால் தள்ளிவிடுகிறது. மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மேற்குப் பக்கத்தை அடைத்து வைப்போம். அப்போதும் நண்பகலில் ஆட முடியாது, அதை எந்தக் கட்டடமும் மாற்றாது. குளிரூட்டி வைக்கவில்லை. சூடேறிய தசையோடு ஆடுகிறவர்களைக் குளிரில் நிறுத்துவது எனக்கு உடன்பாடில்லை.

எதிரொலி முதல் ஆண்டில் தாங்க முடியாததாக இருந்தது. வெறும் சுவரும் உயர்ந்த கூரையும் ஒவ்வொரு சொற்கட்டையும் இரண்டாகத் திருப்பித் தந்தன. விலைகூடிய ஒலித்தட்டிகளை விசாரித்துவிட்டு, கடைசியில் பின்சுவரில் சட்டம் அடித்துப் பன்பாய் தொங்கவிட்டோம், பக்கங்களில் மருதமுனைக் கைத்தறித் துணியில் கனத்த திரை. போதுமான அளவுக்கு அடங்கிவிட்டது. பாயை மாரிக்குப் பின் இறக்கி வெயிலில் போட வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கிறது. அதே வேலை கூத்து உடுப்புகளுக்கும் கிரீடங்களுக்கும் உண்டு. உடுப்பறைக்கு யன்னல் சிறியதாகிப் போனது பெரிய குறை.

சுவர் நீளக் கண்ணாடி வேண்டுமென்று எல்லோரும் ஆசைப்பட்டோம். விளிம்புகள் கறுக்கத் தொடங்கிவிட்டன. அதைவிட, பிள்ளைகளின் கண் முத்திரையைத் தொடர வேண்டிய இடத்தில் தன் முகத்தைத் தொடர்கிறது. வாரத்தில் பாதி நாள் திரை போட்டு மூடுகிறேன்.

கூத்துக்கு இந்தக் கூடம் பொருந்தவில்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கூத்தைச் சுருக்கி ஒருபக்க மேடைக்குக் கொண்டுவந்தார். எங்கள் மண்ணின் சி. மௌனகுரு அந்த மேடையில் ஆடி, பின்னர் அந்தப் பணியைப் பல ஆண்டுகள் முன்னெடுத்தார். அந்த வகை ஆட்டத்தை எங்கள் கூடத்தில் நன்றாகவே பழகலாம். ஆனால் ஊர்களில் விடிய விடிய ஆடப்படும் கூத்து வகைகளான வடமோடிக்கும் தென்மோடிக்கும் வட்டக்களரி என்னும் வட்ட ஆடுகளம் வேண்டும். நான்கு பக்கமும் மக்கள் இருந்து பார்க்க, ஆடுகிறவர் எல்லாப் பக்கத்துக்கும் முகம் கொடுக்க வேண்டும். நீள்சதுரக் கூடத்தில் பழகிய இளைஞர்கள் ஊர்க் களரியில் இறங்கியதும் ஒரே திசையைப் பார்த்து ஆடினார்கள். அண்ணாவியாருக்கு அது பெரும் மனவருத்தம். ஆடுவோருக்குப் பாட்டு ஏடான சட்டம் கொடுத்து, சதங்கை அணிந்து, ஒத்திகையாக அடுக்குப் பார்த்து, அரங்கேற்றம் வரை மாதக்கணக்கில் போகும் பழக்கத்தில், இடமும் ஓர் ஆசிரியர்தான் என்று அப்போது புரிந்தது.

அதனால் பின்வளவில் களிமண்ணும் மணலும் கலந்து திமிசு போட்டு இறுக்கி, சாணம் மெழுகி வட்டக்களரி ஒன்று அமைத்தோம். கட்டடத்துக்கு ஆன செலவோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. வேளாண்மை வெட்டி முடிந்து ஆட்கள் ஓய்வாகும் மாதங்கள்தான் கூத்துப் பழகும் காலம் என்பதால் மழையும் பெரிதாகக் குறுக்கிடுவதில்லை. இப்போது பரதம் பழகும் பிள்ளைகளும் வகுப்பு முடிந்ததும் களரியோரம் வந்து குந்திவிடுகிறார்கள். இரண்டு ஆட்டங்களையும் ஒரே வளவில் பார்த்து வளரும் தலைமுறை எனக்குக் கிடைத்திருக்கிறது. பழைய மேல்மாடியில் இதற்கு வழியே இருக்கவில்லை.

ஒப்பனை அறைக்குத் தாழ்ப்பாளும், பெண்களுக்குத் தனிக் கழிப்பறைகளும் இருக்கின்றன. இதை ஒரு வரியில் கடந்துவிடலாம். ஆனால் பருவமடைந்த பிள்ளைகள் மாதத்தில் சில நாட்கள் வகுப்புக்கு வராமல் நிற்பது பழைய இடத்தில் வழக்கமாகவே இருந்தது. இங்கே பலர் வருகிறார்கள்.

இழந்தது தூரத்தால். புளியந்தீவிலும் கோட்டைமுனையிலும் இருந்து நடந்தே வந்த பிள்ளைகள் சிலர் பாலம் தாண்டி வர முடியாமல் நின்றுவிட்டார்கள். வகுப்பு முடிந்து இருட்டும் நேரத்தில் பஸ்ஸை நம்பிப் பெண் பிள்ளையை விட எந்தத் தாய்க்கும் மனம் வராது. முச்சக்கரவண்டிக் கட்டணம் எல்லா வீட்டுக்கும் கட்டுபடியாகாது. எரிபொருள் வரிசைகளின் காலத்தில் போனவர்கள் பலர் திரும்பவே இல்லை. அவர்களில் நல்ல ஆட்டக்காரிகள் இருந்தார்கள். நகருக்குள் ஒரு பாடசாலை மண்டபத்தில் சனிக்கிழமை ஆரம்ப வகுப்பு வைத்திருக்கிறோம். அங்கே தரை சீமெந்து என்பதால் தட்டு அடவுகளைக் குறைத்து, முத்திரையும் அபிநயமும் தாளமும் கூடுதலாகக் கற்பிக்கிறேன். வேன் ஒன்றை ஒழுங்கு செய்யும் பேச்சும் நடக்கிறது.

இப்போது குழுவில் புதிய விவாதம் களரிக்குக் கூரை போடுவது பற்றியது. தகரம் போட்டால் மாரியிலும் பயன்படுத்தலாம் என்கிறார்கள். மத்தளமும் சல்லரியும் தகரத்தின் கீழ் காதைத் துளைக்கும், மண்ணும் காய்ந்து வெடிக்கும் என்கிறார் அண்ணாவியார். கிடுகுக் கூரை என்றால் எனக்குச் சம்மதம். வேயவும் மாற்றவும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம். வரும் தை மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும்.