ஹை பவரிலிருந்து க்ளாக் 17க்கு: ஆர்மரி பக்கத்திலிருந்து பார்த்தது

ராணுவத்தின் ஆயுதக் கிடங்கான ஆர்மரியிலிருந்து பிஸ்டல் வாங்கிப் போகிறவர்களில் பாதிப் பேர், சுட்டுப் பழகும் ரேஞ்சைத் தாண்டி அதைச் சுடுவதே இல்லை. டிரைவர், மருத்துவ உதவியாளர், ராணுவப் போலீஸ், விமானக் குழுவினர், அதிகாரி எல்லோரும் இடுப்பில் மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறி இறங்குகிறார்கள், கதவில் இடித்துக்கொள்கிறார்கள், வேலை முடிந்ததும் ஆர்மரியில் ஒப்படைத்துவிட்டுப் போகிறார்கள். அதனால் புதுப் பிஸ்டல் எப்படி என்று யாராவது கேட்டால், குறி எவ்வளவு துல்லியம் என்பதைக் கடைசியில்தான் சொல்வேன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று கொடுத்து, வாங்கி, பிரித்துத் துடைத்துப் பல வருஷம் ஓட்டியவன் நான். முதலில் ஹை பவர், பிறகு க்ளாக் 17.

ஹை பவரைப் பிடிக்காதவர்களை அதிகம் பார்த்ததில்லை. ஜான் பிரௌனிங் தொடங்கி, 1926ல் அவர் இறந்தபின் பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்தில் முடித்து, 1935ல் வெளிவந்த வடிவம். 13 தோட்டா கொள்ளும் மேகசின், அதாவது பிடிக்குள் செருகும் தோட்டாக் கூடு, அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். மேற்கு வங்கத்து இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்யும் 9 எம்எம் 1ஏ பிஸ்டலும் இதே குடும்பம்தான். இரண்டு வரிசை மேகசின் இருந்தும் பிடி மெலிசு, கைக்குள் பாந்தமாக உட்காரும். எஃகு முழுக்க எஃகு என்பதால் சுடும்போது உதைப்பும் கம்மி.

ஆனால் அதில் ஒரு பொல்லாத ஏற்பாடு உண்டு. மேகசின் உள்ளே இல்லையென்றால் ட்ரிகர் வேலை செய்யாது. பாதுகாப்புக்காக வைத்தது. விளைவு என்னவென்றால், தோட்டாவை இறக்கியபின் ஹேமரை (பின்னால் இருக்கும் சுத்தியலை) விழவைக்கக் காலி மேகசினைத் திரும்பச் செருகியாக வேண்டும். நாள் முழுக்க ட்யூட்டி பார்த்துக் களைத்து வந்தவன், காலிக்குப் பதில் நிரம்பிய மேகசினைச் செருகி, கைப்பழக்கத்தில் ஸ்லைடையும் (மேலே முன்பின் நகரும் பாகத்தை) ஒருமுறை இழுத்துவிட்டால் முடிந்தது கதை. பாதுகாப்பாக இறக்கத்தான் வாசலில் மணல் தொட்டி வைத்திருக்கிறார்கள். அதில் சத்தம் கேட்டால் அன்றைக்கு ஆர்மரியில் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. இது போதாதென்று, அந்த ஏற்பாடு மேகசினின் முன்சுவரில் உரசுவதால் ட்ரிகர் கரகரவென்று இழுக்கும். பழைய மாடல்களில் சேஃப்டி லீவர் வேறு சின்னது, கையுறை போட்ட கட்டைவிரலுக்கு அகப்படாது. இதற்கெல்லாம் பயந்துதான் பல படைகளில் சேம்பரை, அதாவது சுடவேண்டிய தோட்டா உட்காரும் அறையை, காலியாக வைத்தே சுமக்கச் சொன்னார்கள். அவசரத்துக்கு எடுத்தால் முதலில் ஸ்லைடை இழுக்க வேண்டும், அதற்கு இரண்டு கையும் வேண்டும்.

இத்தனைக்கும் ஹை பவரை மாற்றியதற்கு இந்தக் குறைகள் மட்டுமே காரணமில்லை. வயதுதான் முக்கியக் காரணம். கனடா ராணுவம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இங்லிஸ் தொழிற்சாலை செய்த ஹை பவர்களையே 2020களின் தொடக்கம் வரை வைத்திருந்தது. அந்த வயதில் ஒரு பிஸ்டல் நிற்கிறது என்றால், இன்னொரு பிஸ்டலைப் பிரித்து அதன் பாகங்களைப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் ஆர்மரர் பாதி நேரம் அரமும் கையுமாக உட்கார்ந்து பாகத்தைப் பொருத்திக்கொண்டிருப்பார்.

பிரிட்டன் 2013 ஜனவரியில் 25,000க்கும் மேற்பட்ட க்ளாக் 17 நான்காம் தலைமுறைப் பிஸ்டல்களை எடுக்கப்போவதாக அறிவித்தது. பிரான்ஸ் 2020ல் ஐந்தாம் தலைமுறைக்குப் போனது, மொத்தம் 74,596. எதிரி யாரும் புதிதாக முளைத்ததால் வந்த முடிவுகள் அல்ல இவை, பழையவை தேய்ந்துபோயின.

வாங்கும் விதத்தில்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. புது ராணுவப் பிஸ்டலைத் தேர்ந்தெடுக்க அமெரிக்கா நடத்திய 1984 போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் நின்றவை பெரெட்டாவும் சிக் சாவர் பி226ம். பிஸ்டலை மட்டும் எடுத்தால் பெரெட்டா 178.50 டாலர், சிக் 176.33 டாலர். மேகசினும் உதிரி பாகமும் சேர்த்த மொத்தக் கணக்கில் பெரெட்டா மலிவு, அதுதான் எம்9 ஆனது. தோற்ற கட்சிக்காரர்கள் இன்றும் இதைச் சொல்லிப் புலம்புவார்கள். என்னைக் கேட்டால் கணக்குப் போட்ட முறை சரி. மேகசின் இல்லாத பிஸ்டலை வைத்துக்கொண்டு ஆணியா அடிக்க முடியும்?

அதன் பிறகு வந்ததுதான் சிக்கல். 1987, 88ல் சில பிஸ்டல்களின் ஸ்லைடு முறிந்து, பின்பாதி சுட்டவர் முகத்தில் வந்து அடித்தது. ஹேமர் பின்னின் தலையைப் பெரிதாக்கி, ஸ்லைடு முறிந்தாலும் பின்னால் பறந்து வராதபடி தடுத்தார்கள். இராக் மணலில் அடுத்த தொல்லை: வேறொரு ஒப்பந்தத்தில் மலிவாக வாங்கிய மேகசின்களின் சொரசொரப்பான பூச்சு மணலைப் பிடித்துக்கொண்டு தோட்டாவை மேலே ஏறவிடவில்லை. கெட்ட பெயர் என்னவோ பிஸ்டலுக்கு.

இதை அனுபவத்திலும் கண்டேன். ரேஞ்சில் 'என் பிஸ்டல் சரியில்லை' என்று வருபவரிடம் முதலில் மேகசினைத்தான் வாங்கிப் பார்ப்பேன். தோட்டாவைப் பிடித்திருக்கும் இரண்டு உதடுகளில் ஒன்று இலேசாக விரிந்திருக்கும். சிமெண்டுத் தரையில் நிரப்பியபடியே விழுந்திருக்கும், விழுந்ததை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மேகசின் அடியில் எண் எழுதி, எந்த எண் எப்போது மக்கர் செய்தது என்று நோட்டில் குறித்து வந்தோம். சந்தேகப்பட்டதை அன்றே ஒதுக்கிவிடுவோம். புகார்களில் பெரும்பகுதி அதோடு நின்றது.

எம்9ஐ மாற்ற 2015ல் அமெரிக்க ராணுவம், இன்னின்னது வேண்டும் என்று நிறுவனங்களிடம் விலை கேட்கும் ஆவணம் வெளியிட்டது. 350 பக்கத்துக்கு மேல். அன்றைய ராணுவத் தலைமைத் தளபதி மார்க் மில்லியே ஒரு கைத்துப்பாக்கிக்கு இவ்வளவா என்று பகிரங்கமாகச் சலித்துக்கொண்டார். 2017 ஜனவரியில் சிக் பி320 தேர்வாகி எம்17, எம்18 என்று பெயர் பெற்றது. க்ளாக் முறையிட்டது, நிராகரித்தார்கள். சிக் கேட்டது சுமார் 16.95 கோடி டாலர், க்ளாக் 27.22 கோடி, அந்த வித்தியாசத்தைத் தாண்டிப் போவது கஷ்டம். அதே வருஷம் ஆகஸ்டில், பொதுச்சந்தை பி320 ஒரு குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று தெரியவந்து, நிறுவனம் எடை குறைந்த ட்ரிகரைப் போட்டுக்கொடுத்தது. பிஸ்டல் விழும்போது நாம் எழுதிவைத்த கோணத்திலா விழுகிறது? கீழே போட்டுப் பார்க்கும் சோதனையில் கஞ்சத்தனம் கூடாது.

இனி க்ளாக். மேகசின் இல்லாமல் 630 கிராம் அளவு, ஹை பவரைவிடக் கால் கிலோவுக்கு மேல் குறைவு. 17 தோட்டா. முதல் வாரமே இடுப்பு வித்தியாசம் சொல்லிவிடும். முப்பத்துச் சொச்சம் பாகம்தான், ஒரு பின் தள்ளும் கருவி போதும், அரத்துக்கு வேலையே இல்லை. சுட்டபின் ஸ்லைடை முன்னே தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் ஒரே உருப்படியாக வரும். கெடு வந்ததும் எடுத்துப் போட்டுப் புதியதை மாட்டவேண்டியதுதான். வியர்வையும் கடல் காற்றும் பட்ட எஃகுப் பிஸ்டலை ராத்திரியே எண்ணெய் போட்டுத் துடைக்காவிட்டால் காலையில் செம்மண் பூத்திருக்கும். இதில் அந்தப் பதற்றம் வெகுவாகக் குறைந்தது.

குறையும் சொல்கிறேன். கட்டைவிரல் சேஃப்டி கிடையாது, ட்ரிகர்மேல் விரல் போனால் வெடிக்கும். பிரிப்பதற்கு முன் ட்ரிகரை இழுத்தே ஆகவேண்டும். சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்க்காமல் அதைச் செய்ய நான் யாரையும் விட்டதில்லை. ஹை பவரில் ஊறிய மூத்தவர்கள் ரொம்ப நாள் இல்லாத லீவரைக் கட்டைவிரலால் தேடிக்கொண்டிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அந்தத் தொல்லையே இல்லை. சின்னக் கை உள்ளவர்களுக்குப் பிடியின் பின்முதுகை மாற்றிக்கொள்ளும் வசதி நான்காம் தலைமுறையில் வந்தது. பி320ல் பிடியையே மொத்தமாக மாற்றலாம், எண் பொறித்த உள் இயந்திரம்தான் சட்டப்படி பிஸ்டல். கை அளவு பலவகையாக உள்ள படைக்கு அது நல்ல ஏற்பாடு.

எங்களுக்குப் பெரிய தலைவலி கொடுத்தது ஹோல்ஸ்டர், அதாவது இடுப்பில் மாட்டும் உறை. தனியாக வந்த ஒரு தொகுதியில் பூட்டும் நாக்குக்குள் மண் ஏறினால் பிஸ்டல் வெளியே வராது. ஓடிவந்து உருண்டு எழுந்தவன், வராத பிஸ்டலோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். மாற்றித் தரச் சொல்லிக் கடிதம் எழுதியே காகிதம் தீர்ந்தது. அதற்குள் பிஸ்டலில் டார்ச் மாட்டலாம் என்று உத்தரவு வந்தது. டார்ச் மாட்டினால் பழைய ஹோல்ஸ்டரில் நுழையாது.

இப்போது வாங்கும் படைகள் ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்வைக் கண்ணாடி) பொருத்த இடம் வெட்டிய ஸ்லைடு கேட்கின்றன. கண் மங்கத் தொடங்கியவர்களுக்கு நிச்சயம் உதவும், எனக்கும் ஆசைதான். ஆனால் அதை மாட்டினால் ஹோல்ஸ்டரின் மேல்மூடி மாறவேண்டும், திருகு தளர்ந்ததா என்று பார்க்க ஆர்மரருக்கு அளவுள்ள திருப்புளி வேண்டும், பேட்டரி எந்தத் தலைப்பில் கணக்கு எழுதப்படும் என்றும் முடிவாக வேண்டும். பிஸ்டலை எடுத்துவிட்டு இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால், அந்தப் பிறகு ஆர்மரர் தலையில்தான் வந்து விடியும்.