வாழைப்பழத்தை எண்ணி விற்கும் கடையும் எடை போட்டு விற்கும் கடையும்

அமெரிக்காவில் டார்கெட் கடைக்குள் போனால் வாழைப்பழத்துக்கு 'ஒன்று இத்தனை சென்ட்' என்று விலை போட்டிருக்கும். வால்மார்ட்டில் பவுண்டு கணக்கு. டார்கெட் எண்ணி விற்பதற்குப் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. பெரும்பாலான கடைகளில் பில் போடும் இடத்தில் தராசே கிடையாது. சட்டை, செருப்பு, மேசை விளக்கு, பொம்மை விற்பதற்காக அமைத்த இடம் அது. காய்கறி பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

தள்ளுபடி டிபார்ட்மென்ட் ஸ்டோர்கள் ஒவ்வொன்றாகப் பால், முட்டை, காய், கறி என்று இறங்கிவிட்டன. எதை எங்கே வாங்குவது என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் விலையை ஒப்பிடுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு. இந்தக் கடை மளிகைக்கடையாகவே மாறிவிட்டதா, இல்லை துணிமணி வாங்க ஆள் வரட்டும் என்று மளிகையை வைத்திருக்கிறதா? இது தெரிந்துவிட்டால், வாங்கிய கீரை வீட்டில் எத்தனை நாள் தாங்கும் என்பதுவரை ஓரளவு ஊகித்துவிடலாம்.

எல்லாரும் ஒரே சமயத்தில் கிளம்பியவர்கள்தான். 1962-ல் மிச்சிகனின் கார்டன் சிட்டியில் முதல் கேமார்ட், மினசோட்டாவின் ரோஸ்வில்லில் முதல் டார்கெட், ஆர்கன்சாவின் ராஜர்ஸில் முதல் வால்மார்ட். மூன்றுமே மளிகைக்கடையாகத் தொடங்கியவை அல்ல. சாமான் மலிவு, கட்டடம் சாதாரணம், ஆடம்பரம் பூஜ்யம். அதே 1962-ல் மிச்சிகனின் கிராண்ட் ராபிட்ஸில் நான்காவதாக ஒருவரும் கடை திறந்தார். அவர் கதை தனி, பிறகு வருகிறேன்.

பணத்தை மட்டும் பார்த்தால் மளிகையில் இறங்குவது புத்திசாலித்தனமே இல்லை. எல்லாச் செலவும் போக, சூப்பர்மார்க்கெட்டுக்கு 100 டாலர் வியாபாரத்தில் கையில் நிற்பது 1 முதல் 3 டாலர்தான். துணியில் விலை குறைத்து விற்றாலும் இதைவிட நன்றாக நிற்கும். ஆனால் போர்வை வாங்க வருடத்துக்கு ஒரு தடவை வருகிறவர், பாலுக்கு வாரா வாரம் வருவார். வந்தவர் பாலோடு மட்டும் வெளியே போவதில்லை. கணக்கு அவ்வளவுதான்.

இதில் பலரும் கவனிக்காத சிக்கல் ஒன்று உண்டு. பச்சைச் சரக்கு எல்லாவற்றுக்கும் ஒரே குளிர் ஒத்துவராது. பாலுக்கு 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வேண்டும். கீரை வகைகளுக்குப் பூஜ்யத்தை ஒட்டி வேண்டும். வாழைப்பழமோ 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் மங்கிச் சாம்பல் பூத்துவிடும். அதற்கப்புறம் சரியாகப் பழுக்கவே பழுக்காது. காயாகக் கப்பலில் வரும் வாழையைத் தனி அறையில் வைத்து, எத்திலின் வாயு விட்டு, பக்குவம் பார்த்துத்தான் கடைக்கு அனுப்புகிறார்கள். இத்தனைக்கும் தனித்தனி அறை, தடுப்புப் போட்ட லாரி, தினமும் சரக்கு, அழுகியதைப் பொறுக்கி எடுக்க ஆள் எல்லாம் வேண்டும். டி-ஷர்ட் கிடங்கில் இதில் எதுவும் இல்லை. ஆகவே பச்சைச் சரக்கு வைப்பது என்பது ஒரு ஓரத்தில் குளிர்ப்பெட்டி வாங்கிப் போடும் சமாசாரம் அல்ல.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டது வால்மார்ட். புரிந்துகொள்ளும் முன் ஒரு முறை சறுக்கவும் செய்தது. 1987-ல் டெக்சஸின் கார்லண்டில் ஹைப்பர்மார்ட் யு.எஸ்.ஏ. என்று 2,20,000 சதுர அடியில் ஒன்றைத் திறந்தார்கள். பிரான்சின் பெருங்கடைகளைப் பார்த்துச் செய்தது. அவ்வளவு பெரிய இடத்தில் நடந்தே களைத்துப்போகும் ஜனங்களை வைத்து வியாபாரம் தேறவில்லை. நான்கு கடையோடு நிறுத்திக்கொண்டார்கள். அடுத்த வருடமே, 1988-ல், மிசூரியின் வாஷிங்டன் என்ற ஊரில் அளவைச் சுருக்கி முதல் சூப்பர்சென்டர் வந்தது. இதுதான் பிடித்துக்கொண்டது. இன்று அமெரிக்காவில் சூப்பர்சென்டர்கள் 3,500-க்கு மேல். காய்கறி இல்லாத பழைய மாதிரிக் கடைகள் சில நூறுதான் மிச்சம். 2000-களின் தொடக்கத்திலேயே நாட்டின் மிகப் பெரிய மளிகை வியாபாரி என்ற இடத்துக்கு வந்துவிட்டார்கள். இன்று அவர்களுடைய உள்நாட்டு விற்பனையில் பாதிக்கு மேல் மளிகைதான். நடுவில் கொஞ்சம் துணியும் விற்கும் மளிகைக்கடை என்றே அதைச் சொல்லலாம்.

கடைக்குப் பின்பக்கம் என்ன செய்தார்கள் என்பதுதான் முக்கியம். பச்சைச் சரக்குக்கென்றே சொந்தக் கிடங்குகள் கட்டினார்கள். 2018-ல் இண்டியானாவின் போர்ட் வெய்னில் சொந்தப் பால் பதப்படுத்தும் ஆலையைத் திறந்தார்கள். 2020-ல் ஜார்ஜியாவின் தாமஸ்வில்லில் மாட்டிறைச்சியைப் பொட்டலம் கட்டும் ஆலை. சரக்கு எங்கிருந்து வருகிறது, எத்தனை நாளில் வருகிறது என்பது அவர்கள் கையிலேயே இருக்கிறது. விலை குறைவாக இருப்பதற்கும் பாதிக் காரணம் இதுதான்.

அதற்காக எல்லாமே மெச்சும்படி இல்லை. 2000-ல் டெக்சஸின் ஜாக்சன்வில் கடையில் இறைச்சி வெட்டும் தொழிலாளர்கள் சங்கம் வைக்க வாக்களித்தார்கள். இரண்டே வாரத்தில், 180 கடைகளில் இறைச்சி வெட்டுவதை நிறுத்திவிட்டு, வேறிடத்தில் வெட்டிக் கட்டிய பொட்டலத்தை விற்கப்போவதாக நிறுவனம் அறிவித்தது. வாக்கெடுப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றும் சொன்னது. நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். வாங்குபவருக்கு இதில் கிடைத்த பலன், 'எலும்போடு சின்னத் துண்டாகப் போடுங்கள்' என்று கேட்க அங்கே ஆள் இல்லை என்பதுதான். கறி விஷயத்தில் எனக்கு வால்மார்ட் இரண்டாம்பட்சம். வெங்காயம், உருளை, கொத்தமல்லி, பால், முட்டை என்றால் அங்கேதான்.

டார்கெட் போனது வேறு வழி. 1995-ல் நெப்ராஸ்காவின் ஒமாஹாவில் சூப்பர்டார்கெட் என்று முழு மளிகைக்கடையைச் சேர்த்துத் திறந்தார்கள். நல்ல கடைதான். ஆனால் இடமும் முதலும் நிறைய விழுங்கும் என்பதால் அந்த வகை சில நூறு கடைகளைத் தாண்டவில்லை. 2008 பொருளாதாரச் சரிவில் ஜனங்கள் துணிமணியைக் குறைத்துக்கொண்டபோது பி-ஃப்ரெஷ் என்ற திட்டத்தை எடுத்தார்கள். கடையைப் பெரிதாக்காமல், இருக்கிற இடத்தையே ஒதுக்கி, பாலும் முட்டையும் பையில் அடைத்த கீரையும் பொட்டல இறைச்சியும் கொஞ்சம் பழமும் வைப்பது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளில் இதைக் கொண்டுவந்தார்கள். ரொட்டி சுடும் அடுப்பு, வெட்டிக் கொடுக்கும் கவுன்டர் எதுவும் கிடையாது.

பையில் அடைத்தே விற்பதற்குக் காரணம் இருக்கிறது. தனித்தனியாகக் குவித்து வைத்தால் ஆள் பொறுக்கிப் பொறுக்கிக் கசங்கும், காயும், எடை போடத் தராசு வேண்டும். பையில் இருந்தால் தேதி அச்சிட்டிருக்கும், ஸ்கேன் செய்தால் போதும், அழுகல் குறையும். கடைக்காரருக்கு லாபம். நமக்கு? நாலே நாலு பச்சை மிளகாய் வேண்டும் என்பவர் ஒரு பை மிளகாயோடு வீடு திரும்ப வேண்டியிருக்கும்.

சின்னப் பிரிவுக்கே உரிய நோய் இன்னொன்றும் உண்டு. பன்னிரண்டு வகைக் கீரை வைத்தால்தான் பிரிவு பார்க்க நிறைவாக இருக்கும். ஆனால் அந்தப் பன்னிரண்டும் ஓட வேண்டுமே. ஓடாத வகை, தேதி முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கும். கூட்டம் குறைவான பிரிவில் பின்வரிசைப் பொட்டலத்துக்கும் முன்வரிசைப் பொட்டலத்துக்கும் ஒரே தேதி இருந்தால், புதுச் சரக்கு வந்து நாளாகிறது என்று அர்த்தம். எந்தக் கடைக்குப் போனாலும் நான் கையை உள்ளே விட்டுத் துழாவுவது இதற்காகத்தான். பக்கத்தில் நிற்பவர்கள் முறைப்பார்கள், பரவாயில்லை.

இருந்தாலும் டார்கெட்டின் கணக்கு தப்பு என்று நான் சொல்லமாட்டேன். 2019-ல் குட் அண்ட் கேதர் என்று சொந்த உணவுப் பிராண்டு கொண்டுவந்தார்கள். விலைக்குத் தரம் பழுதில்லை. 2017-ல் 55 கோடி டாலருக்கு ஷிப்ட் என்ற வீட்டு டெலிவரி நிறுவனத்தை வாங்கினார்கள். இன்று அவர்கள் விற்பனையில் சாப்பாட்டுச் சாமான்கள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். 2022-ல் விலைவாசி ஏறி ஜனங்கள் துணியையும் வீட்டு அலங்காரத்தையும் குறைத்தபோது, ஆள் வருவதை நிறுத்தாமல் வைத்திருந்தது இந்தப் பிரிவுதான். மளிகை அங்கே பிழைப்பு அல்ல, காப்பீடு. அப்படி இருக்கும் இடத்தில் வாரச் சந்தை முழுவதையும் முடிக்க நினைப்பது நம் தவறு. குழந்தைக்கு டயப்பர் வாங்கப் போனால் பாலும் பழமும் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு அது அருமையான கடை.

கேமார்ட்டைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. 1991-ல் ஒஹாயோவின் மெடினாவில் சூப்பர் கேமார்ட் திறந்தார்கள். கடை பளபளப்பாகத்தான் இருந்தது. சொந்தமாகச் சரக்கு கொண்டுவரும் ஏற்பாடுதான் இல்லை. 2001-ல் பிளெமிங் என்ற மொத்த வியாபார நிறுவனத்தோடு நெடுநாள் ஒப்பந்தம் போட்டு உணவுச் சரக்கை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். 2002 ஜனவரியில் கேமார்ட் திவால் மனு கொடுத்தது. 2003 ஏப்ரலில் பிளெமிங்கும் கொடுத்தது. பின்பக்கத்தை வாடகைக்கு எடுத்து முன்பக்கத்தை மட்டும் அலங்கரித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேட வேண்டாம்.

சரி, அந்த நான்காமவர். மையர். எழுத்தைப் பார்த்து 'மெய்ஜர்' என்று படிக்கும் நம்மவர்கள் உண்டு. நெதர்லாந்திலிருந்து வந்து முடிவெட்டும் தொழில் செய்துகொண்டிருந்த ஹென்ட்ரிக் மையர், 1934-ல் பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே மிச்சிகனின் கிரீன்வில்லில் மளிகைக்கடை வைத்தார். 1962-ல் அந்தக் குடும்பம் மளிகையோடு துணியும் சாமானும் சேர்த்து ஒரே கூரைக்குள் பெருங்கடை திறந்தது. மற்றவர்கள் துணியிலிருந்து காய்கறிக்கு வந்தார்கள். இவர்கள் காய்கறியிலிருந்து துணிக்குப் போனார்கள். வித்தியாசம் இன்றும் தெரிகிறது. காய்கறிப் பகுதியில் வகையும் இருக்கும், வேகமாகவும் ஓடும். துணிப் பகுதிதான் கொஞ்சம் சோர்ந்து கிடக்கும். புதுச் சரக்குக்கு என் ஓட்டு மையருக்கே. குறை என்னவென்றால் மிச்சிகன், ஒஹாயோ, இண்டியானா, இல்லினாய், கென்டக்கி, விஸ்கான்சின் தாண்டினால் கடை இல்லை. குழந்தைகளோடு போகிறவர்கள் ஒரு சென்ட் காசு எடுத்துப் போங்கள். வாசலருகே சாண்டி என்ற ஆடும் குதிரை இன்னும் அதே ஒரு சென்டுக்குத்தான் ஆடுகிறது.

கடைசியாக வந்து சேர்ந்தவை டாலர் கடைகள், அதாவது மலிவு விலையில் சில்லறைச் சாமான் விற்கும் சின்னக் கடைகள். டாலர் ஜெனரலுக்கு 20,000-க்கும் மேற்பட்ட கிளைகள்; பெரும்பாலும் சின்ன ஊர்கள். குளிர்ச் சரக்கை வெளியாரிடம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள், 2019-ல் தாங்களே கொண்டுபோக ஆரம்பித்தார்கள். 5,000-க்கும் மேற்பட்ட கடைகளில் இப்போது காய்கறி, பழம் உண்டு. இவர்கள்மேல் இருக்கும் பெரிய புகார், இவர்கள் வந்த ஊரில் உள்ளூர் மளிகைக்கடை மூடிவிடுகிறது என்பது. 2018-ல் ஓக்லஹோமாவின் டல்சா நகராட்சி, நகரின் ஒரு பகுதியில் புது டாலர் கடைகள் ஒன்றுக்கொன்று ஒரு மைலாவது தள்ளி இருக்க வேண்டும் என்று விதி போட்டது. புகாரில் நியாயம் இருக்கிறது. ஆனால் அடுத்த சூப்பர்மார்க்கெட் முப்பது மைல் தள்ளி இருக்கும் ஊரில், கார் இல்லாதவருக்கு அந்த ஒரு குளிர்ப்பெட்டி பெரிய விஷயம்.

ஒரு நேரத்தில் இரண்டு மூன்று பேர் வேலை பார்க்கும் கடையில் கீரையைப் பொறுக்கிச் சீர்படுத்த யாருக்கும் நேரம் இருக்காது. ஆகவே அங்கே வெங்காயம், உருளை, ஆப்பிள், எலுமிச்சை மாதிரி தாங்கும் சரக்காக வாங்குங்கள். ஸ்ட்ராபெரியும் பையில் அடைத்த கீரையும் வேண்டுமானால், லாரி என்றைக்கு வருகிறது என்று கல்லாவில் இருப்பவரிடம் கேட்டுக்கொண்டு மறுநாள் காலையில் போங்கள்.