அரசியல் அறிவியல் இளங்கலை: படித்து முடித்தவனின் மதிப்பீடு

அரசியல் அறிவியலில் இளங்கலை சேரலாமா என்று கேட்பவர்களுக்கு, அதை மூன்றாண்டுகள் படித்தவன் என்ற முறையில், சில நிபந்தனைகளுடன் சேரலாம் என்றே சொல்வேன்.

அரசியல் கோட்பாடு, பன்னாட்டு உறவுகள், பொது நிர்வாகம் ஆகியவை எதிர்பார்த்தபடியே இருந்தன. என்னைக் கட்டிப்போட்டது, பல நாடுகளின் அரசியல் முறைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஒப்பீட்டு அரசியல்தான். ஒரு வகுப்பில், மூன்று வேட்பாளர்களை விருப்ப வரிசையில் குறித்த 100 வாக்குச்சீட்டுகளைக் கொடுத்து எண்ணச் சொன்னார்கள். முதல் விருப்பங்கள் 40, 35, 25 என்று பிரிந்திருந்ததால், அதிக வாக்கு பெற்றவரே வெற்றியாளர் என்ற விதிப்படி முதலாமவர் வென்றார். ஆனால் கடைசியாக வந்தவரை நீக்கி, அவருடைய 25 சீட்டுகளின் இரண்டாம் விருப்பத்தைப் பார்த்தபோது அவை அனைத்தும் இரண்டாமவருக்கே சென்று, அவர் 60 வாக்குகளுடன் வென்றுவிட்டார். ஆஸ்திரேலியாவின் பிரதிநிதிகள் சபைக்கு இத்தகைய விருப்ப வாக்குமுறை 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்தது என்பதை அன்றைக்குப் பிறகு நான் மறக்கவில்லை.

புள்ளியியலை இறுதிப் பருவம்வரை தள்ளிப்போட்டதே பெருங்குறை. தேர்தல் தரவு ஆய்வு, கொள்கை ஆராய்ச்சி போன்ற வேலைகளுக்கு முதலில் கேட்கப்படுவது அதுதான். மருத்துவத்தைப் போல இப்பட்டம் நேராக ஒரு தொழிலில் கொண்டுபோய் விடாது. குடிமைப் பணித் தேர்வு, சட்டம், இதழியல், தொண்டு நிறுவனங்கள் என்று எங்கள் வகுப்பு சிதறிப்போனது. (உறவினர்கள் எதிர்பார்த்த அரசியல்வாதி ஒருவர்கூட உருவாகவில்லை.) சேருமுன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கி, புள்ளியியலும் களப்பயிற்சியும் எந்தப் பருவத்தில் வருகின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.