விதைப்பையில் வலி: போனில் கேட்பதா, கிளினிக் திறக்கும்வரை இருப்பதா, எமர்ஜென்சிக்கே போவதா?

முந்தின நாள் சாயங்காலமே வலது பக்கம் லேசாக இழுத்துப் பிடித்தது. விடிகாலை நாலு மணிக்கு வலி தாங்காமல் எழுந்து பார்த்தால், அந்தப் பக்கம் வீங்கித் தொடவே முடியவில்லை. கிளினிக் திறக்க இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது.

முதலில் போனில் ஒரு டாக்டரைப் பிடித்தேன். கூச்சமில்லாமல் பேச அது வசதிதான். ஆனால் அவர் மூன்றே கேள்வி கேட்டுவிட்டு, "தொட்டுப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது, உடனே எமர்ஜென்சிக்குப் போங்க" என்றார். ஒரே ஒரு முறைதான் இப்படிக் கேட்டிருக்கிறேன், அதை வைத்து இந்த வழியையே குறை சொல்ல மாட்டேன்.

எமர்ஜென்சிதான் சரி என்று நான் சொல்வதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: நேரம். விதையைத் தாங்கும் நாண் முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். சுமார் 6 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்து முறுக்கைப் பிரித்தால் விதை பெரும்பாலும் பிழைக்கும். 12 மணி நேரம் தாண்டினால் வாய்ப்பு வேகமாகக் குறையும், 24 மணி நேரத்துக்குப் பிறகு பெரும்பாலும் எடுத்துவிட வேண்டியதுதான். இந்தக் கணக்கு வலி தொடங்கிய நிமிடத்திலிருந்தே ஓடுகிறது. 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று படுத்தால் அதில் பாதி தூக்கத்திலேயே போய்விடும். திடீர் வலி, குமட்டல் அல்லது வாந்தி, ஒரு விதை மேலேறி நிற்பது எல்லாம் முறுக்கத்தின் அடையாளங்கள்.

எமர்ஜென்சியில் டாக்டர் தொடையின் உள்பக்கத்தை விரலால் மெல்ல வருடினார். அந்தப் பக்கத்து விதை சட்டென்று மேலே எழும்பியது. முறுக்கம் இருந்தால் பெரும்பாலும் இப்படி எழும்பாதாம். அப்புறம் டாப்ளர் ஸ்கேன். ரத்த ஓட்டம் வண்ணத்தில் தெரிந்தது, வீங்கிய பக்கம்தான் அதிகம். முறுக்கம் இல்லை, விதையின் பின்பக்கக் குழாயில் கிருமித் தொற்று. இரண்டு வாரம் ஆன்டிபயாடிக், சுருட்டிய துண்டை விதைப்பைக்குக் கீழே கொடுத்துப் படுக்கை. தாம்பத்திய உறவு பற்றியும் கேட்டார்கள். பால்வினைத் தொற்றாலும் இது வருமாம், மறைக்காமல் சொன்னால்தான் சரியான மருந்து கிடைக்கும்.

தொற்றுதானே, கிளினிக்குக்கே போயிருக்கலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். அந்த நாலு மணிக்கு அது தொற்றா முறுக்கமா என்று எனக்கு எப்படித் தெரியும்?

கிளினிக் போதும் என்பது வேறு நிலைமைக்கு: வலியில்லாமல் மெதுவாக வரும் வீக்கம். பல நேரம் நீர் கோத்ததாகவோ குடலிறக்கமாகவோ இருக்கும். ஆனால் வலிக்காத கெட்டியான கட்டி தட்டுப்பட்டால் வாரக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள், புற்றுநோய் பெரும்பாலும் அப்படித்தான் தெரியவரும்.

எமர்ஜென்சிக்குக் கிளம்பும்போது எதுவும் சாப்பிடாமல் போங்கள், உடனே மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம். முறுக்கம் 12 முதல் 18 வயதில்தான் அதிகம். அந்த வயதுப் பையன்கள் கூச்சத்தில் அடிவயிறு வலிக்கிறது என்று மட்டும் சொல்வார்கள். கீழேயும் வலிக்கிறதா என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.