மீன், ஊர்வன வளர்ப்பு நூல்கள்: நீண்டகாலப் பயன்பாட்டில் தேறியவை

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறையை ஒட்டிய எங்கள் பகுதியில், மீன்தொட்டி வைத்திருக்கும் தமிழ் வீடுகள் பல உண்டு. மீன் வளர்ப்பு பற்றி ஒரு நல்ல நூல் வைத்திருக்கும் வீடுகள் மிகக் குறைவு. கோயம்புத்தூர்ப் பழைய புத்தகக் கடைகளில் வாங்கிய ஆங்கில நூல்களையும், மலையாளத்திலும் தமிழிலும் வந்த சிறு கையேடுகளையும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அவற்றுள் இன்றும் தொட்டிக்குப் பக்கத்திலேயே இருப்பவை, ஓர் அளவைச் சொல்லும்போதே அதற்கான காரணத்தையும் சொல்லும் நூல்கள் மட்டுமே.

கடையில் நூலை எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது வண்ணப் படங்களை அல்ல, தண்ணீர் பற்றிய அத்தியாயத்தை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைப் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இது நிலைபெறப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். இதைச் சொல்லாமல், இன்று தண்ணீர் ஊற்றி நாளை மீன் விடலாம் என்று எழுதும் நூலை அப்படியே திருப்பி வைத்துவிடலாம். எங்கள் கிணற்று நீரில் சோப்பு எளிதில் நுரைக்காது, கொதிக்கவைத்த பாத்திரத்தில் வெள்ளைப் படிவு தங்கிவிடும். கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்த இத்தகைய கடின நீரில் பிஎச் அளவும், அதாவது அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்ணும், பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். பிஎச் 7 இலிருந்து 8 ஆக உயர்ந்தால், மொத்த அம்மோனியா மாறாமலே அதில் நச்சான பங்கு ஏறத்தாழ 10 மடங்காகிறது. இந்தத் தொடர்பை விளக்கிய நூல்தான், மென்னீர் மீன்களான டிஸ்கஸ், நியான் டெட்ராவை விட்டுவிட்டு, கடின நீரை விரும்பும் கப்பி, மோலி வகைகளை நான் தேர்ந்தெடுக்கக் காரணமாக இருந்தது.

மருந்துப் பக்கத்தை வாங்கும் முன்பே படித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். எந்த கேலன் என்று குறிப்பிடாத நூலை நம்பி மருந்து ஊற்றினால், அளவு ஐந்தில் ஒரு பங்கு வரை கூடவோ குறையவோ செய்யும். நீரின் கடினத்தன்மையை அளக்கும் அலகுகளிலும் இதே சிக்கல் உண்டு: ஒரு ஜெர்மன் டிகிரி என்பது சுமார் 17.8 பிபிஎம் (பத்து லட்சத்தில் 17.8 பங்கு). என்னிடம் உள்ள நூல்களின் ஓரங்களில் லிட்டர், செல்சியஸ் கணக்குகளைப் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். அவசரத்தில் கணக்குப் போடும் வேலை மிச்சம்.

குளிர்நாட்டு நூல்கள் ஹீட்டருக்குப் பல பக்கங்களை ஒதுக்குகின்றன. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வறண்டு வீசும் மாசி, பங்குனியில் நமக்கு வேண்டியது நேர்மாறானது. நீர் சூடாகும்போது அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது, மீனின் ஆக்சிஜன் தேவையோ கூடுகிறது. இதை விளக்கும் நூலிலிருந்து, மேல்மட்ட நீரை அசைப்பதும் தீனியைக் குறைப்பதும் ஏன் உதவுகின்றன என்பதை நாமே புரிந்துகொள்ளலாம்.

பதிப்பாண்டையும் கவனியுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளின் மிஸ் கேரளா மீன் பழைய நூல்களில் புன்டியஸ் டெனிசோனி என்றிருக்கும். 2013 முதல் அது சஹ்யாத்ரியா டெனிசோனி. பெயர் மாறியதால் பெரிய நட்டமில்லை. ஊர்வன பற்றிய பழைய நூல்களில்தான் பழமை ஆபத்தாகிறது. இலை தின்னும் பச்சை இகுவானாவுக்கு இறைச்சியும் நாய்த் தீனியும் கொடுக்கச் சொன்ன நூல்கள் உண்டு. அந்த உணவு சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று இன்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். புற ஊதா பி விளக்கைப் பற்றிய பகுதியும் நல்ல உரைகல். கண்ணாடி அந்தக் கதிரைப் பெருமளவு தடுத்துவிடும் என்பதும், விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் மாதங்கள் போகப் போகக் கதிரின் அளவு குறையும் என்பதும், அந்தக் கதிரும் கால்சியமும் போதாவிட்டால் எலும்பு மென்மையாகி வளையும் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

முழு வளர்ச்சி அளவைச் சொல்லாத ஆமை நூலை வாங்கவே வேண்டாம். உள்ளங்கையில் அடங்கும் குட்டியாக விற்கப்படும் சிவப்புக்காது ஆமை 25 சென்டிமீட்டருக்கு மேலும் வளரக்கூடியது, பல பத்தாண்டுகள் வாழ்வது. வளர்க்க முடியாமல் குளத்தில் விட்டால் அது நம் நாட்டு ஆமைகளுக்குப் போட்டியாகிவிடும். திருச்சூர் அருகே பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனமும் இதை எச்சரித்திருக்கிறது.

சட்டம் பற்றி வெளிநாட்டு நூல்களில் நமக்குப் பயன்படும் செய்தி கிடைக்காது. நட்சத்திர ஆமை, உடும்பு, மலைப்பாம்பு ஆகியவை 1972 ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. அவற்றை வீட்டில் வளர்ப்பது குற்றம். அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் (சைட்டிஸ்) உள்ள அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் 2024 ஆம் ஆண்டு விதிகளின்படி ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும்.

ஒரே நூல் வாங்கத்தான் பணம் உண்டென்றால், நூறு வகை மீன்களைப் படம் போட்டுக் காட்டும் தொகுப்பைவிட, தண்ணீரையும் நோயையும் மட்டும் விரிவாகப் பேசும், பின்பக்கத்தில் நல்ல சொல்லடைவு உள்ள நூலையே பரிந்துரைப்பேன். மீன் வாயைத் திறந்து திறந்து மேலே வரும் இரவில், "மூச்சுத் திணறல்" என்ற சொல்லைச் சொல்லடைவில் பார்த்து உரிய பக்கத்துக்கு உடனே போக முடிய வேண்டும்.