பழைய ஜீப்பில் விசிறி இரைச்சல்: விஸ்கஸ் கப்ளிங்கை மாற்றுவதா, மின்விசிறிக்கு மாறுவதா?

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தை முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமாக ஏறிக் கடக்க வேண்டும். பூப்பாறைப் பக்கம் குத்தகைக்கு எடுத்திருக்கும் ஏலத்தோட்டத்துக்காக வாரத்தில் மூன்று நாள் இந்த ஏற்றத்தில் போகிறேன். பின்னால் உர மூட்டை இருக்கும், அல்லது ஆட்கள் இருப்பார்கள், சில நாள் இரண்டும் இருக்கும். வண்டி 2004-ஆம் ஆண்டு மாடல் டீசல் ஜீப். வேகம் இருபதைத் தாண்டாத அந்த ஏற்றத்தில் எதிர்க்காற்றை நம்ப முடியாது. விசிறி இழுக்கும் காற்றுதான் இன்ஜினைக் காப்பாற்றுகிறது. அந்த விசிறி கடந்த மாசி மாதம் இரையத் தொடங்கியது.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். விசிறியை வாட்டர் பம்ப் புல்லியோடு இணைக்கும் விஸ்கஸ் கப்ளிங்கைப் புதிதாகப் போடலாம் என்றார் ஒருவர். பெல்ட் விசிறியையே கழற்றிவிட்டு மின்விசிறி பொருத்தலாம் என்றார் இன்னொருவர். இருக்கிற கப்ளிங்கைப் பூட்டி, விசிறியை நேரடியாகச் சுழல விட்டுவிடலாம் என்றார் மூன்றாமவர். நான் புதிய கப்ளிங் போட்டேன், அதையே மலைக்குப் போகிற எவருக்கும் சொல்வேன். ஆனால் அதற்கு முன், சத்தம் எதிலிருந்து வருகிறது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். தவறான பாகத்தை மாற்றிவிட்டு அதே சத்தத்தோடு வீடு திரும்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

விஸ்கஸ் விசிறி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் சத்தத்தைப் பிரித்தறிவது எளிது. விசிறிக்கும் வாட்டர் பம்ப் புல்லிக்கும் நடுவே வட்டமான ஓர் அலுமினியப் பெட்டி இருக்கிறது. அதுதான் கப்ளிங். உள்ளே கெட்டியான சிலிக்கான் எண்ணெய். முன்பக்கத்தில் சுருள் கம்பி போல இருப்பது இரட்டை உலோகச் சுருள். ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று சூடானதும் அந்தச் சுருள் திரும்பி உள்ளே ஒரு வால்வைத் திறக்கிறது, எண்ணெய் வரிப்பள்ளங்களுக்குள் பாய்கிறது, அதன் பிடிமானத்தில் விசிறி வேகமாகச் சுழல்கிறது. சூடு தணிந்தால் எண்ணெய் பழைய இடத்துக்குத் திரும்பி, விசிறி தளர்வாக ஓடும்.

ஆகவே காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நிமிடம் விசிறி பஸ் போல இரைந்துவிட்டு அடங்கினால் அது கோளாறு அல்ல. இரவெல்லாம் நின்ற வண்டியில் எண்ணெய் வேலை செய்யும் அறைக்குள் இறங்கித் தங்கியிருக்கும், அது வெளியேறும் வரை விசிறி இறுக்கமாகச் சுழலும். அந்த இரைச்சல் அடங்காமல், ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க கூடிக்கொண்டே போனால் கப்ளிங் உள்ளே இறுகிவிட்டது என்று பொருள். கீச்சென்ற சத்தமாக இருந்தால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள். ஓடும்போது அதன் மேல் சிறிது தண்ணீர் தெளித்தால் சத்தத்தில் மாற்றம் தெரியும், அப்படியானால் விசிறியைத் தொடவே வேண்டாம். வளைவுகளிலும் பள்ளங்களிலும் மட்டும் டக்கடக்கென்று தட்டினால் விசிறி இறக்கை அதைச் சுற்றியுள்ள கூட்டில் உரசுகிறது. பழைய வண்டிகளில் இதற்குக் காரணம் பெரும்பாலும் விசிறி அல்ல, இன்ஜின் மவுண்டிங்தான். இன்ஜினைத் தாங்கும் அதன் ரப்பர் உட்கார்ந்து போய் இன்ஜின் தாழும், இன்ஜினோடு விசிறியும் தாழும், ஆனால் கூடு ரேடியேட்டரோடு அதே இடத்தில் இருக்கும். கூட்டின் கீழ்ப்பக்கத்தில் மட்டும் பளபளவென்று தேய்ந்த பிறைவடிவத் தடம் இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

என் வண்டியில் கேட்டது இவற்றில் எதுவும் இல்லை. உரலில் மணல் அரைபடுவது போன்ற கரகரப்பு. ஐடிலிங்கில் தெளிவாகக் கேட்டது, வேகம் கூடினால் மற்ற சத்தங்களில் கரைந்துபோனது. இன்ஜினை அணைத்து நன்றாக ஆறவிட்டு, விசிறி இறக்கையின் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தேன். ஒரு நெல்மணி அகலத்துக்கு ஆடியது. இந்த ஆட்டம் கப்ளிங் பேரிங்கிலிருந்தும் வரலாம், வாட்டர் பம்ப் பேரிங்கிலிருந்தும் வரலாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பெல்ட்டைத் தளர்த்தி, நான்கு நட்டுகளைக் கழற்றி, விசிறியைக் கப்ளிங்கோடு வெளியே எடுத்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். பம்ப் புல்லியைத் தனியாகக் கையால் சுற்றினேன், வழுவழுப்பாகச் சுற்றியது, ஆட்டம் இல்லை, கீழே உள்ள சிறு துளையில் கூலன்ட் கசிந்த கறையும் இல்லை. கப்ளிங்கை மடியில் வைத்துச் சுற்றியபோது அதே கரகரப்பு விரல் நுனியில் தெரிந்தது. நடுப்பகுதியிலிருந்து வெளிப்புறமாக, சூரியக் கதிர் வரைந்ததுபோல எண்ணெய்க் கோடுகள். அவற்றில் தூசி அப்பிக் கறுத்திருந்தது. பேரிங்கும் போய்விட்டது, சிலிக்கான் எண்ணெயும் கசிந்துகொண்டிருக்கிறது.

இந்தச் சோதனைகளைச் செய்யும்போது துண்டு, வேட்டி நுனி, புடவைத் தலைப்பு எதுவும் தொங்கக் கூடாது. இன்ஜின் ஓடும்போது விசிறி சுழலும் தளத்துக்கு நேராக நிற்கவும் கூடாது. விரிசல் விட்ட இறக்கை பிய்ந்து பறந்தால் அது போகிற பாதை அதுதான்.

இப்போது வழிகளுக்கு வருகிறேன். கப்ளிங்கைப் பூட்டிவிடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது நிச்சயம் சுழலும், சூடு ஏறாது. ஆனால் விசிறியைச் சுழற்றத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்கில் கூடுகிறது, வேகம் இரண்டு மடங்கானால் எட்டு மடங்கு சக்தி. அது முழுவதும் உங்கள் டீசல். இரைச்சல் நாள் முழுவதும் காதில் இருக்கும், பெல்ட்டும் பம்ப் பேரிங்கும் சீக்கிரம் தேயும். நடுவழியில் கப்ளிங் கைவிட்டால் ஊர் போய்ச் சேர்வதற்கு மட்டும் அது சரி.

எண்ணெய் மட்டும் குறைந்து, பேரிங் நன்றாக இருந்தால் கப்ளிங்கைப் பிரித்து சிலிக்கான் எண்ணெய் நிரப்பலாம். நண்பர் ஒருவரின் வண்டியில் 10,000 சென்டிஸ்டோக்ஸ் பிசுபிசுப்புள்ள எண்ணெய் ஊற்றினோம். ஒரு கோடை முழுவதும் நன்றாக ஓடியது, பிறகு அவர் வண்டியை விற்றுவிட்டார். அதற்கு மேல் அனுபவம் எனக்கு இல்லை. பேரிங் போன கப்ளிங்குக்கு இது மருந்தே அல்ல என்பது மட்டும் நிச்சயம். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் கப்ளிங்கும் வேண்டாம். அதன் பேரிங் எத்தனை லட்சம் கிலோமீட்டர் பார்த்தது என்று யாருக்கும் தெரியாது.

உண்மையான போட்டி மின்விசிறிக்கும் புதிய கப்ளிங்குக்கும்தான். தேனியில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் அக்கறையோடுதான் சொன்னார்: "அண்ணே, இனிமேல் பெல்ட்டில் ஓடுகிற விசிறி எதற்கு? மின்விசிறி போட்டுவிடுங்கள். தேவைப்படும்போது மட்டும் ஓடும். இரைச்சலும் இருக்காது, டீசலும் மிஞ்சும்." அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. மின்விசிறிக்கு இன்ஜின் வேகத்தோடு தொடர்பில்லை, நெரிசலில் ஐடிலிங்கில் நின்றாலும் முழு வேகத்தில் சுழலும். ஓடையைக் கடக்கும்போது அணைத்துவிடலாம். பெல்ட் விசிறியோ தண்ணீரை இன்ஜின் முழுவதும் வாரி இறைக்கும். நகரத்துக்குள் ஓடும் சிறிய பெட்ரோல் வண்டியாக இருந்தால் நானே அதைத்தான் பரிந்துரைப்பேன், பெரும்பாலான சிறிய கார்கள் அப்படித்தான் வருகின்றன.

என் ஜீப்பின் கணக்கு வேறு. இந்த அளவு ரேடியேட்டருக்குப் பொருத்தமான மின்விசிறி 25 ஆம்பியர் அளவில் இழுக்கும், 12 வோல்ட்டில் 300 வாட். இரண்டு ஹெட்லைட்டுகளுக்கு 10 ஆம்பியர் போய்விடும். வைப்பர், பனிமூட்டத்துக்கான விளக்கு, உள்ளே புளோயர் என்று அடுக்கினால், இத்தனைக்கும் மின்சாரம் தயாரிக்கும் பழைய ஆல்டர்னேட்டருக்கு மூச்சு முட்டும். அதிலும் ஏற்றத்தில் இன்ஜின் குறைந்த சுற்றில் முக்கிக்கொண்டு போகும்போது ஆல்டர்னேட்டர் தன் முழு அளவைத் தருவதே இல்லை. மழையிலும் பனியிலும் விசிறி அதிகம் ஓட வேண்டியிருக்காது என்பது உண்மைதான், எனவே இதை மட்டும் வைத்து மின்விசிறியை ஒதுக்கிவிட மாட்டேன். பெரிய ஆல்டர்னேட்டர், தடித்த வயர், விசிறிக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் நல்ல ரிலே என்று செலவழித்தால் இது தீரும்.

தீராதது வேறொன்று. ஒரு பாகம் எப்படிச் செயலிழக்கிறது என்பதுதான் என் முடிவுக்குக் காரணம்.

இரண்டு வருடத்துக்கு முன் உடன் தொழில் செய்யும் அண்ணன் ஒருவர் தன் ஜீப்பில் மின்விசிறி பொருத்தினார். எட்டு மாதம் எந்தக் குறையும் இல்லை. ஒரு சித்திரை மதியம், மேலே ஏறிக்கொண்டிருந்தபோது பதினோராவது வளைவுக்கருகில் விசிறி நின்றுவிட்டது. நின்றது அவருக்குத் தெரியவில்லை. தெரிவதற்கு எந்த அறிகுறியும் இல்லை, சத்தமே இல்லை என்பதுதான் அறிகுறி. முன்னால் போன லாரியைப் பார்த்துக்கொண்டு வளைவை எடுத்தவர் டெம்பரேச்சர் மீட்டரைப் பார்த்தபோது முள் சிவப்பில் இருந்தது. பிறகு பிரித்துப் பார்த்தபோது மோட்டார் நன்றாகவே இருந்தது. ரிலேயின் சாக்கெட்டில் ஒரே ஒரு முனை தளர்ந்து, சூடாகி, பிளாஸ்டிக் உருகிக் கருகியிருந்தது. அவ்வளவுதான். அதற்கு விலையாக ஹெட் கேஸ்கெட் போனது, சிலிண்டர் ஹெட்டை லேத்துக்கு அனுப்பிச் சீவ வேண்டியிருந்தது, பறிப்புக் காலத்தில் பத்து நாள் வண்டி இல்லை.

மின்விசிறி ஓடுகிறது, அல்லது நிற்கிறது. நடுவில் எதுவும் இல்லை. ஃபியூஸ், ரிலே, வெப்ப உணரி, எர்த் வயர், மோட்டாரின் கார்பன் பிரஷ் என்று ஐந்து இடங்களில் எது விட்டாலும் விளைவு ஒன்றுதான். வண்டி தயாரிக்கும்போதே பொருத்தப்பட்ட வயரிங்கில் இந்த ஆபத்து மிகக் குறைவு. பின்னால் ஒட்டுப்போட்ட வயரிங்கில், அதுவும் இருபது வருட அதிர்வு கண்ட வண்டியில், இதை எளிதாக எடுத்துக்கொள்ள எனக்குத் துணிவில்லை.

விஸ்கஸ் கப்ளிங் அப்படிக் கைவிடுவதில்லை. என் வண்டியில் கரகரப்பு தொடங்கியதற்கும் நான் கழற்றியதற்கும் இடையே மூன்று வாரம் இருந்தது. எண்ணெய் கசிந்தால் கோடு தெரிகிறது. வண்டி ஆறியிருக்கும்போது விசிறியைக் கையால் தட்டிவிட்டால், நல்ல கப்ளிங்கில் சிறு எதிர்ப்போடு ஒரு சுற்றுக்குள் நின்றுவிடும். நிற்காமல் நாலைந்து சுற்று ஓடினால் எண்ணெய் குறைகிறது. முழுவதும் பலமிழந்த பிறகும் விசிறி மெதுவாகவேனும் சுழன்றுகொண்டுதான் இருக்கும். ஓரங்கட்டி, ஐடிலிங்கில் விட்டு, முள் இறங்கியதும் அடுத்த மூன்று வளைவு ஏறலாம். இந்த வகையில் மேலே போய்ச் சேர்ந்தவர்களை எனக்குத் தெரியும். ஒன்றை மறைக்கக் கூடாது: பேரிங் கரகரப்பை மாதக்கணக்கில் அலட்சியப்படுத்தினால் விசிறி முழுவதும் சாய்ந்து ரேடியேட்டரைக் கிழித்துவிடும். ஆனால் அதற்கு முன் அது போதுமான அளவு சொல்லிவிடுகிறது.

செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆல்டர்னேட்டரையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது மின்விசிறிக்கு மாறும் செலவு புதிய கப்ளிங்கை விட எனக்குக் கூடுதலாகவே வந்தது. நேரமும் அப்படித்தான். கப்ளிங் மாற்றம் ஒரு முற்பகலில் முடிந்துவிட்டது.

வாங்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். கப்ளிங்கை அலமாரியில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வண்டியில் நிற்பதுபோலவே செங்குத்தாக நிற்க வேண்டும். படுக்கப்போட்டு மாதக்கணக்கில் கிடந்தால் எண்ணெய் ரப்பர் சீல் வழியாகக் கசிந்து பேரிங்குக்குள் போக வாய்ப்பிருக்கிறது. முதல் கடையில் படுத்துக் கிடந்த பெட்டியின் அட்டையில் வட்டமாக எண்ணெய்க் கறை இருந்தது, நான் வாங்கவில்லை. அடுத்து, பழைய விசிறியைப் புதிய கப்ளிங்கில் பொருத்துவதற்கு முன் ஒவ்வொரு இறக்கையின் அடிப்பகுதியிலும் நகத்தால் தடவிப் பாருங்கள். என்னுடையதில் ஓர் இறக்கையின் அடியில் தலைமுடி அளவு விரிசல் நகத்தில் தட்டியது. விசிறியையும் சேர்த்தே மாற்றினேன். பெல்ட்டும் அதோடு புதியது.

ஐந்து மாதம் ஆகிறது. விடிகாலையில் வீட்டு வாசலில் ஸ்டார்ட் செய்யும்போது விசிறி இரைகிறது, மலையடிவாரத்து முந்தல் சோதனைச் சாவடி வருவதற்கு வெகு முன்பே அடங்கிவிடுகிறது. மூட்டை ஏற்றிய நாட்களில் எட்டாவது, ஒன்பதாவது வளைவில் முள் பாதியைத் தொட்டதும் அந்த இரைச்சல் மீண்டும் எழுகிறது. அதைக் கேட்டபடியே அடுத்த வளைவை எடுக்கிறேன். அது முடிவதற்குள் முள் கீழே இறங்கத் தொடங்கியிருக்கிறது.