கிருஷ்ணகிரி மாந்தோப்பு டூர் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

லீவில் பிள்ளைகள் நச்சரிப்புத் தாங்காமல், போன மாதம் வேலூரிலிருந்து கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாந்தோப்புக்குப் போனோம். இன்ஸ்டாகிராமில் பார்த்த விளம்பரம்தான். "மரத்தில் பழுத்ததை நீங்களே பறித்து, வயிறு முட்டச் சாப்பிடலாம்." பெரியவர்களுக்கு 600, பிள்ளைகளுக்கு 400. நாங்கள் மூன்று பேர், பிள்ளைகள் இரண்டு. 2,600 ரூபாயை முன்கூட்டியே ஜிபேயில் வாங்கிக்கொண்டார்கள்.

மாங்காயை முற்றின பதத்தில் காம்போடு பறித்து, வைக்கோலில் அடுக்கி, சில நாள் கழித்துத்தான் பழமாகச் சாப்பிடுவார்கள். மரத்திலேயே பழுக்கவிட்டால் அணிலும் வௌவாலும்தான் சாப்பிடும். இது தெரிந்த அத்தை கிளம்பும்போதே சிரித்தார். நான்தான் காதில் வாங்கவில்லை.

போய் இறங்கினால், எங்களுக்கு விட்டது ஒரே ஒரு வரிசை மரம். எல்லாம் பச்சைக் காய். வலை கட்டிய துறட்டி ஒன்று, அதற்கு வரிசையில் நிற்கும் குடும்பங்கள் எட்டு. சின்னவனை முசுறு எறும்பு கடித்தது. அதற்கு அவர்களைக் குறை சொல்லமாட்டேன், மாமரம் என்றால் முசுறு இருக்கும். ஆனால் சாப்பிடக் கொடுத்த பழம் பிளாஸ்டிக் கிரேட்டில் வந்தது, அதுவும் தலைக்கு இரண்டு துண்டு. காவலுக்கு இருந்த பெரியவர்தான் உண்மையைச் சொன்னார்: "இதெல்லாம் பெங்களூரா மரம்மா. ஜூஸ் கம்பெனிக்குப் போறது. ஜூன்லதான் முத்தும்."

பெங்களூரா என்பது நம் கிளிமூக்குதான். கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள கூழ் தொழிற்சாலைகளுக்குப் பெரும்பாலும் இதுதான் போகிறது.

அப்புறம் வாசலில் விற்பனை. "நம்ம தோட்டத்து இமாம்பசந்த், கிலோ 180" என்று 5 கிலோ அட்டைப் பெட்டி. அத்தை கேட்டார், "மரமே இமாம்பசந்த் இல்லையே, பழம் மட்டும் எங்கேருந்துப்பா வந்துச்சு?" அந்தப் பையன் பின்னால் இன்னொரு தோட்டம் இருக்கிறது என்று கை காட்டினான். இவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறுங்கையோடு போவதா என்று நான் இரண்டு பெட்டி வாங்கினேன், 1,800 ரூபாய். இது முழுக்க என் தப்பு.

வீட்டில் ஒரு பெட்டிப் பழத்தைச் சமையலறைத் தராசில் வைத்தால் 4 கிலோ 150 கிராம். அட்டையையும் தாளையும் சேர்த்து நிறுத்திருக்கிறார்கள். மறுநாள் பழம் முழுக்க மஞ்சள் பூசியதுபோல ஒரே நிறமானது. இமாம்பசந்த் பழுத்தாலும் தோலில் பச்சை இருக்கும். இது பங்கனப்பள்ளி போலத்தான் இருந்தது. வாசனையே இல்லை, அறுத்தால் கொட்டை ஓரம் புளிப்பு. பெட்டிக்கு அடியில் நாலாக மடித்த செய்தித்தாள் பொட்டலம் ஒன்று, உள்ளே சாம்பல் நிறப் பொடி, பூண்டு நாற்றம். கார்பைடு கல் ஈரம் பட்டு உதிர்ந்தால் இப்படித்தான் ஆகும். அதை வைத்துப் பழுக்கவைக்கச் சட்டப்படி தடை. இரண்டு பெட்டியையும் குப்பையில் போட்டேன்.

போன் செய்தால், "மேடம், நாங்க டூர் மட்டும்தான் நடத்துறோம், பழம் வேற ஆள் போடுறது" என்கிறார்கள். தோப்புக்காரரும் வேறு ஆளாம்.

நீங்கள் போவதாக இருந்தால், என்ன ரகம், இப்போது முற்றியிருக்கிறதா என்று கேட்டு, மரத்தின் இன்றைய வீடியோவை அனுப்பச் சொல்லுங்கள். பழத்தைப் பெட்டியிலிருந்து கொட்டி நிறுக்கச் சொல்லுங்கள். பில் கேளுங்கள், நான் கேட்கவில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் முதல் கேள்வியே "பில் இருக்கா?" என்பதுதான். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும் பொட்டலத்தின் போட்டோவையும் வைத்துப் புகார் பதிவு செய்திருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.

பறித்து வந்த பச்சைக் கிளிமூக்கு பதினொன்றையும் அத்தை ஊறுகாய் போட்டுவிட்டார்.